எண் பூட்டு

அந்தச் செய்தியில் ஒரே ஒரு சொல்தான் ஃபெமினாவை உறுத்தியது. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, மீன்குழம்பு வாடை போகாத அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளின் முகத்துக்கு நேரே கிளமென்ட் போனை நீட்டினான்.

"நம்ம பெட்டிய யாரோ கண்டுபிடிச்சிருக்காங்க. வாசிச்சுப் பாரு, சிரிப்பா இருக்கு."

'பெட்டி கிடைத்தது. பூட்டு போட்டது நல்ல யோசனை. ஆனால் உள்ளே இருப்பவர் எண்ணைத் தவறாகவே சொல்கிறார்.'

இருப்பவர். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வாசித்தாள். அனுப்பியவருக்குப் பெயர் இல்லை, படம் இல்லை, இதற்கு முன்னால் எந்தப் பெட்டியையும் தேடிய அடையாளமும் இல்லை.

"பெட்டி ரெண்டு செங்கல் அளவுதான இருக்கும்? அதுக்குள்ள யாரு இருப்பா?"

"வெளாட்டுக்கு எழுதியிருக்கான்ளா. நீ வேற."

கல்யாணமான புதிதில் அவன்தான் அவளுக்கு ஜியோகேச்சிங் பழக்கிவிட்டான். யாரோ ஓரிடத்தில் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் குறிப்பைச் செயலியில் போடுவார்கள். போனை வைத்துக்கொண்டு மற்றவர்கள் தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே கிடக்கும் சின்னப் பொம்மையையோ சாவிக்கொத்தையோ எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒன்றை வைத்துவிட்டு வருவார்கள். உவரிக் கடற்கரையில் வளர்ந்த ஃபெமினாவுக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனது. முக்கூடல் பக்கம் தாமிரபரணிக் கரையில் இடிந்துகிடந்த ஒரு பம்பு அறையைப் பார்த்து, தங்கள் பெட்டியை அங்கே ஒளிக்கலாம் என்று சொன்னதும் அவள்தான்.

பூட்டில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. குரங்கு ஒரு முறை மூடியைத் திறந்து எல்லாவற்றையும் ஆற்றில் எறிந்தது. அடுத்த முறை யாரோ பெட்டிக்குள் காலி பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள். தூத்துக்குடி துறைமுகத்தில் கண்டெய்னர் சீல்களைச் சரிபார்க்கிற வேலை கிளமென்ட்டுக்கு. சீல் இல்லாத பெட்டியைப் பார்த்தாலே அவனுக்குக் கை அரிக்கும். போன மாதம் மூன்று சக்கரம் வைத்த எண் பூட்டு ஒன்றை வாங்கிவந்து மாட்டினான்.

"தொறந்து கெடந்தா எவனும் ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுப் போயிருவான்," என்றாள் அவள் அன்றைக்கு. "பூட்டப் பாத்தாத்தான் உள்ள என்னமோ இருக்குன்னு ஒடைப்பான். போலீஸு பாத்தா குண்டுன்னு நெனைக்கும். ஆத்து ஈரத்துல துரு வேற புடிச்சிரும்."

"ஒழுங்காத் தேடி வாரவனுக்குப் பொருள் மிஞ்சணும்லா? விடைய யோசிச்சுத் தொறக்கதுலதான் ருசியே. நம்பரச் சொல்லுதேன், கேளு."

"எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்கிடுங்க."

அந்த எண்ணை அவன் இன்னும் செயலியிலும் போடவில்லை. அதற்கான புதிரை எழுதி முடிக்கவில்லை. அப்படியிருக்க, எண்ணைத் தவறாகச் சொல்வது யார்?

"போய்ப் பாத்துட்டு வந்திருவோம்," என்றான் கிளமென்ட்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் பொதிகை மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. ஆற்றின் மேல் ஆகாயத்தாமரை பச்சைப் பாயாக விரிந்து கிடக்க, அதற்கடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கரையில் யாரோ துணி துவைத்து முடித்துக் கடைசிச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். பம்பு அறையின் கதவில்லாத வாசலிலிருந்து வவ்வால் எச்சமும் பழைய எண்ணெயும் ஊறிய சுவரும் கலந்த நெடி அலையலையாக வந்து மூக்கில் ஏறியது. ஃபெமினா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றாள்.

"ஹெல்மெட்டக் கழட்டலியா?"

"வவ்வா தலையில இருந்துட்டுன்னா? நீ இங்கனயே நில்லு. வந்திருதேன்."

குனிந்து உள்ளே போனான். செருப்பின் அடியில் ஓட்டுச்சில்லுகள் நொறுங்குவது கேட்டது. சுவர்ப் பொந்திலிருந்து பெட்டியை இழுக்கும் உரசல். பூட்டின் சக்கரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும் கிறிச். பிறகு ஒரு க்ளிக். மூடியின் கீல் நீளமாக முனகியது.

அதற்குப்பின் ஒன்றும் கேட்கவில்லை. வவ்வால்கள் சிறகடிக்கவில்லை. அக்கரையில் துணி பிழிந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். கல்லுக்கடியில் கத்திக்கொண்டிருந்த தவளைகூட வாயை மூடிக்கொண்டது.

"என்னங்க?"

மூடி சாத்துகிற சத்தம். மறுபடியும் க்ளிக்.

"என்னங்க, என்ன செய்யுதிய?"

அவன் வெளியே வந்தான். ஹெல்மெட்டின் கண்ணாடி இறங்கியிருந்தது. அதில் மங்கிய வானம் மட்டும் தெரிந்தது. பெட்டியை அவளிடம் நீட்டினான். வாங்கிய கை கீழே இழுத்தது. சின்னச் சாமான்கள் நாலைந்து கிடக்கிற தகரப்பெட்டி இவ்வளவு கனக்காது. அதோடு அடிப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலியைப் போல.

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகலாம்."

"பெட்டியையும் கொண்டுட்டுப் போறோமா?"

"ஆமாம்."

"அப்ப பூட்டக் கழட்டிரலாம்லா?"

"பூட்டு இருக்கட்டும்."

டிவியில் செய்தி வாசிக்கிறவரைப் போல அவன் ஒவ்வொரு சொல்லையும் முழுசாகச் சொன்னான். கேலி செய்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சிரிக்கவும் முயன்றாள்.

ஸ்கூட்டர் கிளம்பியது. ஒரு கையால் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு மறு கையை வழக்கம்போல அவன் இடுப்பில் போட்டாள். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்களிலிருந்து சேற்று வாசனை ஏறிவந்தது. அதையும் மீறி, அவன் சட்டையில் எப்போதும் இருக்கும் சோப்பும் வியர்வையும் கலந்த வாசனைக்குப் பதிலாக, மழையில் நனைந்த இரும்பின் வாடை அடித்தது. வேகத்தடை வந்தது. எந்த வேகத்தடைக்கும் "புடிச்சுக்கோ" என்று கத்துகிறவன் ஒன்றும் சொல்லாமல் அப்படியே ஏற்றி இறக்கினான். அப்போதுதான் அவள் கவனித்தாள். கைக்குக் கீழே அவன் வயிறு ஏறவில்லை, இறங்கவில்லை.

கையைப் பைய எடுத்துக்கொண்டாள்.

சேலை மடிப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் கிளமென்ட்டின் படம். கிளமென்ட் கூப்பிடுகிறான்.

அவளுக்கு முன்னால் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தன.

போன் எங்கேயாவது விழுந்திருக்கும், பம்பு அறைக்குப் போன வேறு யாரோ எடுத்திருப்பார்கள் என்று மனசு அவசர அவசரமாக ஒரு காரணத்தைக் கட்டி எழுப்பியது. காதில் வைத்தாள்.

"ஏளா ஃபெமி..."

அவன் குரல். ரகசியமாக, மூச்சு முட்ட.

"எங்கன இருக்க? எனக்கு இங்கன ஒண்ணும் தெரியலியே. பெட்டியத் தொறந்தேன். அம்புட்டுத்தான். இருட்டாயிட்டு."

ஒவ்வொரு சொல்லுக்கும் மடியில் இருந்த தகரம் அதிர்ந்தது. அதிர்வு அவள் தொடை எலும்பில் இறங்கியது.

"முழங்காலு தாடையில இடிக்கு. கைய நீட்ட முடியல. மூச்சு... ஃபெமி, கேக்குதா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வண்டிச் சத்தம் கேக்கே. நீ யாரு கூடளா போற?"

முன்னால் ஹெல்மெட் ஒரு விரல்கடை அளவு பக்கவாட்டில் சாய்ந்தது.

"யார் பேசுவது?"

"எங்... எங்கம்மா."

"வந்துகொண்டிருக்கிறோம் என்று சொல்."

சுத்தமல்லி வழியாக ஊருக்குப் போகிற சாலை வலது பக்கம் விளக்குகளோடு பிரிந்து போனது. ஸ்கூட்டர் அதில் திரும்பவில்லை. வாய்க்கால் கரையில் மண்பாதையில் இறங்கியது. ஒரு டீக்கடை வெளிச்சம், ஒரு சைக்கிள்காரர், பிறகு ஒன்றுமே இல்லை. குதித்துவிடலாம் என்று பார்த்தாள். முகப்பு விளக்கில் பனங்கருக்கும் கல்லும் சீறிக்கொண்டு பின்னால் ஓடின. இவ்வளவு வேகத்தில் அந்தப் பழைய வண்டி ஒருநாளும் போனதில்லை. குதித்தாலும் பெட்டியை என்ன செய்வது? பெட்டியோடு விழுந்தால் உள்ளே இருப்பவனுக்கு என்ன ஆகும்?

உள்ளே இருப்பது அவன்தானா? குரலைத்தானே கேட்டாள். குரல் யாருக்கும் வரும். எதுவோ வெளியே வராமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு தொங்குகிறதோ? முன்னால் வண்டி ஓட்டுகிறவன் பயந்துபோய், அவளையும் பயமுறுத்த வேண்டாமென்று பேசாமல் இருக்கிறானோ?

"நம்பர் என்ன?" என்று முன்னால் இருந்த முதுகைப் பார்த்துக் கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பூட்டு நம்பரு. பூட்டு வாங்கினன்னைக்குச் சொல்ல வந்தியள்லா, என்ன அது?"

ஹெல்மெட் அசையவில்லை.

"உனக்கு எது பிடிக்குமோ அது."

காதில் வைத்த போனில் அழுகை கேட்டது. கிளமென்ட் அழுது அவள் கேட்டதில்லை. அவன் அப்பா செத்தபோதுகூட மாடியில் போய் நின்றுகொண்டான்.

"நாலு," என்றது அழுகைக்கு நடுவில். "நாலு, ஒண்ணு... ஏழு. சீக்கிரம்ளா. தகரம் நெருக்குது."

போனைக் காதிலிருந்து எடுத்து, திரை கீழே பார்க்கத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டாள். விரல்கள் வியர்வையில் வழுக்கின. இருட்டில் எண் தெரியவில்லை. போன் வெளிச்சத்தில் முதல் சக்கரம். நாலு. வண்டி குழியில் விழுந்து எழுந்தது. இரண்டாவது. ஒன்று. முன்னால் இருந்தவன் ஏதோ முணுமுணுத்தான், பாட்டு மாதிரி, ஆனால் பாட்டு இல்லை. மூன்றாவது சக்கரம் துருவில் சிக்கிக்கொண்டது. நகத்தால் நெம்பினாள். நகம் பிய்ந்தது. ஐந்து. ஆறு.

ஏழு.

க்ளிக்.

சரியான எண். அது தெரிந்த ஒரே ஒருவன் அவள் மடியில் இருந்தான்.

பூட்டைக் கழற்றி எறிந்தாள். மூடியைத் தூக்கினாள். உள்ளேயிருந்து சூடான காற்று, சோப்பும் வியர்வையும் கலந்த வாசனை, முகத்தில் அடித்தது. அந்த இடுக்கில், இரண்டு செங்கல் அளவு இருட்டில், விரல்கள் மேலே வந்தன. மோதிரம் போட்ட விரல். அவள் பெயர் பொறித்த மோதிரம். அவை அவள் மணிக்கட்டைத் தேடித் தடவி, இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"வந்துட்டேன். நான் வந்துட்டேன்ங்க. இழுக்கேன். வாங்க."

இழுத்தாள். மணிக்கட்டு வரை வந்தது. முழங்கை வரை வந்தது.

முணுமுணுப்பு நின்றது.

முன்னால் இருந்த இரண்டு கைகளும் ஹேண்டில்பாரை விட்டன. வண்டி வேகம் குறையவில்லை, தடுமாறவில்லை, வாய்க்கால் கரையில் நூல் பிடித்தாற்போல ஓடிக்கொண்டே இருந்தது. தோள் திரும்பவில்லை. தலை திரும்பவில்லை. கைகள் மட்டும் பின்பக்கமாக, எந்த மூட்டும் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கி, அவள் மடிக்கு வந்தன. அவசரமே இல்லாமல் மூடியின் இரண்டு ஓரங்களையும் பிடித்தன. கிளமென்ட்டின் கை அவளைப் பிடித்திருக்க, அவள் அவனைப் பிடித்திருக்க, மூடியைக் கீழே அழுத்தத் தொடங்கின.