காலியாக விட்ட இடம்

மதியம் இரண்டு மணிக்குத் திரையின் வலது ஓரத்தில் கால்வாசி இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது, பயம் வரவில்லை. லினக்ஸில் அவள் வைத்திருந்த விண்டோ மேனேஜர் மகா கறார். திறந்திருக்கும் ஜன்னல்களுக்குத் திரையைச் சரியாகப் பங்கு போட்டுக் கொடுக்கும், துளி இடத்தையும் வீணாக்காது. திறந்திருந்தவை மூன்று. பங்கு நாலு.

நாலு மணி மீட்டிங்கில் இந்தத் திரையைத்தான் வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டும். பக்கத்து அறையில் மகள் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரே மானிட்டரில் எண்ணை அழுத்தி மாற்றிக்கொள்ளும் திரைகளில், அவளைக் காட்டும் காமிரா திரை இரண்டில் ஓடியது. ஸ்பீக்கர் வழியாக அந்த இளைப்பு மூச்சு கேட்கும்வரை இவளுக்கு நிம்மதி.

காலியிடத்துக்குள் சுட்டியைக் கொண்டுபோய் எதையாவது அடித்தால் எழுத்துகள் எங்குமே வராமல் போயின, யாரோ வாங்கி வாங்கி வைத்துக்கொள்வதுபோல. ஜன்னல்களைப் பட்டியலிட்டுப் பார்த்தாள். நாலாவதாக ஒரு வரி. பெயர் இல்லை, எந்தச் செயலியுடையது என்றும் இல்லை. நீள அகலம் மட்டும் இருந்தது. மூடினாள். உடனே திரும்பி வந்து பாதித் திரையை எடுத்துக்கொண்டது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ரகம்.

கூட வேலை பார்க்கும் சோடாபுட்டிக்குப் போன் போட்டாள்.

"மூடினா திரும்ப வருதுடா. வரும்போது இன்னும் பெருசா வருது."

"அப்ப வேற திரைக்குத் தள்ளிவிட்டுடு. மீட்டிங் முடிஞ்சதும் பாத்துக்கலாம். கண்ணுக்குத் தெரியாததுகிட்ட எதுக்கு மல்லுக்கட்டுறே?"

அதுவும் சரிதான். அதைத் தள்ளிவிடும்போது விரல்கள் பழக்கத்தில் இரண்டை அழுத்தின. காலியிடம் போய்விட்டது. மூன்று ஜன்னல்களும் விரிந்து திரையை நிறைத்துக்கொள்ள, அவள் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

ஸ்பீக்கரில் கட்டில் கிறீச்சிட்டது.

திரை இரண்டில் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே போனாள். காமிரா ஜன்னல் பாதியாகச் சுருங்கியிருந்தது, மறுபாதி வெறும் இருட்டு. பெரிய கட்டிலின் நடுவில் கைகாலைப் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்த மகள் இப்போது ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. காமிராவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் பார்த்தாள்.

"போதுமா?" என்று கேட்டாள்.

காமிரா ஜன்னல் இன்னும் சுருங்கியது. மகள் இன்னும் நகர்ந்தாள்.

"இப்ப போதுமா?"

அதைத் தன் திரைக்கே திரும்ப இழுக்க இவள் ஒன்றாம் எண்ணை அழுத்தினாள். வரவில்லை. மறுபடி அழுத்தினாள். அழுத்தியதெல்லாம் முன்போலவே அதற்குள் போயிற்று. விரற்கடை அகலத்தில் ஒரு குட்டிக் கால் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. இருட்டு. தொப்பென்று ஒரு சத்தம்.

ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

மகள் தரையில், சுவரோடு சுவராக ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"படுக்க இடமே இல்லம்மா."

கட்டிலில் யாரும் இல்லை. மெத்தை மட்டும் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஆழமாக அமுங்கியிருந்தது.

"நீயும் தள்ளி நில்லும்மா," என்றாள் மகள்.

அமுங்கியிருந்த மெத்தை, தலைமாட்டிலிருந்து தொடங்கி, மெல்ல மேலெழும்பியது.