மாநாட்டு அறிக்கையைத் திருடியது யார்?

"ஒரே அறிக்கைய ரெண்டு பேர் எழுத முடியுமா, சார்?" என்று கேட்டுக்கொண்டேதான் அந்தப் பெண் உள்ளே வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

கல்லூரி நூலகத்தில் பத்தொன்பது வருடமாகத் துணை நூலகர். போன வாரம் அவரையும் தலைமை நூலகரையும் நூலகர்களுக்கான இரண்டு நாள் மாநாட்டுக்குக் கல்லூரி அனுப்பியிருந்தது. போய் வந்தவர்கள் கற்றுக்கொண்டதை எழுதித் தர வேண்டும் என்பது அங்கே வருடாவருடம் உள்ள வழக்கம். இந்த முறை தலைக்கு மேல் கத்தியும் தொங்கியது. இரண்டு வேலைகளில் ஒன்றை எடுத்துவிடப் போகிறார்கள். யாரை வைத்துக்கொள்வது என்பது அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவாகும். இருவரும் தனித்தனி உறையில் போட்டுக் கொடுத்தார்கள். பிரித்தால், நான்கு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. காப்பியடித்தவர் யார் என்று நாளை மதியத்துக்குள் தெரிய வேண்டும் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். பதவியில் சின்னவர் மீதுதான் பழி விழும் என்பதைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை.

"வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா படுத்த படுக்கை. எனக்கு நாப்பத்தெட்டு வயசு, சார். இத விட்டா எனக்கு வேற போக்கு கிடையாது. மேடம் என்னோடதத்தான் பாத்து எழுதியிருக்காங்க. நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

அவர் தேடி வந்த மனிதர், காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருடம் பொய்க் கோரிக்கைகளைத் துருவி ஓய்வு பெற்றவர். எதற்கும் அவசரப்படாத ஆள் என்பதால் தெருவில் எல்லாருக்கும் அவர் 'நிதானம் சார்'. மாநாடு எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்டார். இரண்டு நாளும் விடாத மழை, கட்டடத்தை விட்டு ஒருவரும் வெளியே கால் வைக்க முடியவில்லை, சாப்பாடுகூட வராந்தாவில்தான் போட்டார்கள் என்றார் அந்தப் பெண். யார் நன்றாகப் பேசினார்கள் என்ற கேள்விக்கு, எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள் என்றார். தலைமை நூலகரை அரங்கத்துக்குள் பார்க்கவில்லை என்றும், வராந்தாவில் இரண்டு முறை பார்த்ததாகவும் சொன்னார்.

அவர் படியிறங்குவதற்குள் மைத்துனர் தீர்ப்பெழுதிவிட்டார். நிதானத்தின் மனைவிக்குத் தம்பி. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பறிவதில் அவருக்கு இருக்கும் ஆர்வத்தில் பாதி அறிவு இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

"ஹாலுக்குள்ளயே போகாத பொம்பள எதப் பாத்து எழுதியிருப்பா, அத்தான்? இந்தம்மா எழுதினதத்தான். கேஸ் முடிஞ்சுது."

அந்தப் பெண் கொடுத்துவிட்டுப் போன அறிக்கை நகலின் மூன்றாம் பக்கத்தை நிதானம் வாய்விட்டுப் படித்தார். 'இரண்டாம் நாள் பிற்பகல், வளாகத்து மரநிழலில் கொடி கட்டி, நனைந்த நூல்களை உலர்த்தும் முறையைச் செய்து காட்டினார்கள்.' மைத்துனர் பலமாகத் தலையாட்டினார். மழை அவர் நினைவில் இல்லை.

மறுநாள் காலை இருவரும் நூலகத்துக்குப் போனார்கள். நீளமான அறை, எதிரெதிராக இரண்டு மேசைகள். இரு பெண்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூலையில் ஒரு அலமாரியில் முந்தைய மாநாடுகளின் அறிக்கைகள், பதினொரு கோப்புகள், தூசி படிந்து நின்றன. இரண்டாவது கோப்பின் முதுகில் மட்டும் தூசி இல்லை. அந்த நூலகத்தில் எதை எடுத்தாலும், ஐந்து நிமிடத்துக்கானாலும், எடுத்தது எது என்பதோடு பெயரும் தேதியும் நேரமும் எழுதிய சீட்டை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். திருப்பி வைக்கும்போது சீட்டைப் பெட்டியில் போட வேண்டும். நிதானம் அந்த இரண்டாவது கோப்பை எடுத்துப் படித்துவிட்டு, பெட்டியைக் கேட்டு வாங்கி மேசையில் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கையில் இரண்டு சீட்டுகள் இருந்தன.

அதற்குள் மைத்துனர் யாரும் சொல்லாமலே ஓடிப்போய் முதல்வரைக் கூட்டி வந்துவிட்டார். பெண்கள் இருவரும் எழுந்து நின்றார்கள். நிதானம் அப்போதே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் விடை கிடைத்த மனிதருக்கு நாக்கு நிற்பதில்லை.

"மழையில மரநிழல்ல யாரும் புஸ்தகம் காயவெக்கல," என்றார். "இது பத்து வருஷத்துக்கு முந்தின மாநாடு. இங்க வேலை பார்த்த வேற ஒரு அம்மா எழுதினது. திங்கக்கிழமை காலைல பத்தேகாலுக்கு அந்தக் கோப்ப எடுத்தது துணை நூலகர். அன்னிக்கே மத்தியானம் மூணு மணிக்கு எடுத்தது தலைமை நூலகர். ஒருத்தர் இன்னொருத்தரப் பாத்து எழுதல. ரெண்டு பேருமே அதத்தான் பாத்து எழுதியிருக்காங்க."

மைத்துனர் வாயைப் பிளந்தார். "திருடுற எடத்துல யாராவது கையெழுத்துப் போடுவாங்களா, அத்தான்?"

"நூலகர்னா போடுவாங்க. கை தானா எழுதிடும்." துணை நூலகரைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க எங்கிட்ட பொய் சொல்லல. மேடம் உங்களோடதத் திருடினாங்கன்னு நெசமாவே நம்பினீங்க. பதினொண்ணுல எது நல்லா எழுதினதுன்னு கண்டுபிடிக்க உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். அதனாலதான் ஒரே கோப்பு."

தலைமை நூலகர்தான் முதலில் உடைந்தார். மாநாட்டு வராந்தாவில் வேறு கல்லூரிக்காரர்கள் மேசை போட்டு வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளும் அந்த வரிசையில் நின்றாராம். வயதைக் கேட்டவர்கள் அடுத்த கேள்வி கேட்கவில்லை. துணை நூலகர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மேசை வரிசையில் நின்றது துணை நூலகர்தான். அரங்கத்துக்குள் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பது இருவருக்குமே தெரியாது.

"அந்தப் பழைய அறிக்கைய இங்க யாரும் படிச்சிருக்க மாட்டாங்கன்னு தெரியும்," என்றார் தலைமை நூலகர். "எழுதின மறுவருஷமே அந்தம்மா வேலைய எடுத்துட்டாங்க."

முதல்வர் சீட்டுகளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோபமாகத் தெரியவில்லை. சுமை இறங்கியவர் போலத்தான் இருந்தார்.

"ஒருத்தரத்தான் நிறுத்தச் சொல்லியிருந்தாங்க. யாரன்னு முடிவு பண்ண முடியாமத் தவிச்சேன். இனி அந்தக் கஷ்டம் இல்ல. ரெண்டு பேரும் மாசக் கடைசி வரைக்கும் வாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மைத்துனர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் ஊகம் இம்மி பிசகாமல் சரியாக வந்ததற்காக நிதானம் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று துணை நூலகர் பக்கம் போனார். அவர் அழவில்லை.

"நீங்க கண்டுபிடிக்காம இருந்திருந்தா, எங்கள்ல ஒருத்தராவது பொழச்சிருப்போம், சார்."