இடது கையால் ஒரு மரம்

மாடிப்படியில் ஒரு மரம் ஏறிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முன்னால், படியை முழுக்க அடைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்துபோய்... வேகமாகவும் போகாமல், வழியும் விடாமல். லிஃப்ட் வேலை செய்யவில்லை. வெளியே அடித்த மழையில் குடை பெயருக்குத்தான் இருந்தது. வைத்தியம் பார்க்கப் போகிற வீட்டுக்கு இன்றுதான் முதல் நாள் என்பதால் தாமதமாகப் போகவும் மனம் வரவில்லை.

"ஹலோ... மரம்! கொஞ்சம் ஒதுங்குறீங்களா?"

மரம் நின்றது. திரும்பியது. திரும்பிய வேகத்தில் ஒரு கிளை அவள் கன்னத்தில் பளாரென்று அறைந்தது.

"ஐயையோ, ஸாரிங்க! கண்ணுல பட்டுடுச்சா?"

"இல்லை. கண்ணைத் தவிர மத்த எல்லா இடத்துலயும் பட்டுச்சு."

கிளைகளுக்கு நடுவே இரண்டு கண்கள் தெரிந்தன. இமையில் மழைத்துளி ஒட்டியிருந்தது. சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் தவித்த கண்கள்... திட்டுவதற்காக இழுத்த மூச்சை அவள் சும்மா விட்டுவிட்டாள்.

"எந்த வீட்டுக்குப் போகணும்?" என்றது மரம்.

சொன்னாள்.

"அது எங்க வீடுதான். அப்ப நீங்க... பிசியோவா? ஒரு ஆம்பளை வருவார்னு சொன்னாங்களே?"

"அவருக்குக் காய்ச்சல். பதிலுக்கு நான். வேண்டாம்னா திரும்பிப் போயிடறேன்."

"ஐயோ, இல்லை இல்லை!" என்று மரம் அவசரமாகச் சொன்னது. அந்த அவசரம் கொஞ்சம் அதிகம்தான்.

வீட்டில் மரத்தைத் தூக்கி வந்த அவனும் அம்மாவும் மட்டும். அவனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பரிசோதித்து லென்ஸ் மாட்டுகிற வேலை. அம்மாவுக்கு லேசான பக்கவாதம் வந்து போயிருந்தது. போகும்போது இடது கையின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் மரத்தை அம்மாதான் ஜோடிப்பாள். வேறு யாரும் கிட்டே வரக்கூடாது.

"எதுக்குடா இதைத் தூக்கிட்டு வந்தே? எந்தக் கையால ஜோடிக்கிறது?"

"நான் பண்றேம்மா."

"நீ பண்ணினா மரம் மாதிரியா இருக்கும்? துணி காயப்போட்ட கொடி மாதிரி இருக்கும்."

கையை மடக்குங்கள் என்றாலும் நீட்டுங்கள் என்றாலும் அம்மா "வலிக்குது" என்று ஒரே பாட்டுதான் பாடினாள். பிசியோ சுற்றுமுற்றும் பார்த்தாள். அலங்காரப் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புப் பந்தை எடுத்து, அம்மாவின் இடது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இந்தக் கையாலதான் மாட்டணும். நான் வர்றப்ப எல்லாம் ஒரு வரிசை. கீழே ஆரம்பிச்சு மேலே போகணும். வேற யாரும் தொடக்கூடாது." பிறகு அவனைப் பார்த்தாள். "முக்கியமா, ஆளை அறையற ஆளுங்க."

அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

முதல் வரிசைக்கு அம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பந்து மூன்று தடவை உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. அடுத்த வரிசையில் மணிகள் ஏறின. அதற்கடுத்து ரிப்பன்... முட்டி உயரம் தாண்டி, இடுப்பு உயரம் தாண்டி, மரம் மெல்ல மெல்ல உடுத்திக்கொண்டது.

கடையை மூடிவிட்டு வழக்கமாக இருட்டிய பிறகு வருகிறவன், அவள் வருகிற நாட்களில் மட்டும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டில் இருந்தான்.

"கடையில கூட்டமே இல்லையா?" என்பாள் அவள்.

"ஊர்ல எல்லாருக்கும் கண்ணு நல்லாத் தெரியுது போல."

"உங்களுக்கு மட்டும் தரையைத் தவிர எதுவும் தெரியலை. பேசும்போது ஆளைப் பார்த்துப் பேசினா என்ன?"

எப்படிப் பார்ப்பான்? எத்தனையோ கண்களைப் பார்த்தவன்தான். ஆனால் மழைக்கு முன்னால் இருட்டிவருகிற வானம் மாதிரி இருக்கிற அந்தக் கண்களை நிமிர்ந்து பார்த்தால் மனதில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். வந்தால்? அம்மாவின் கைக்காக வருகிறவள் அவள். அந்த வீட்டுப் பையனே பல்லைக் காட்டினால் அவள் எப்படி நிம்மதியாக வேலை செய்வாள்? 'ஊமைக்கோட்டான்' என்று அம்மா திட்டியதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தான்.

அன்றும் மழை. அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டாள்; அவனும் அப்போதுதான் கடையிலிருந்து நுழைந்தான். வந்தவள் மரத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். போன தடவை நெஞ்சு உயரத்தில் நின்ற அலங்காரம், இன்று அம்மாவின் தலைக்கு மேலே வரை ஏறியிருந்தது. அம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"யார் மாட்டினது இது?" அவள் நேராக அவனிடம் வந்தாள். "நீங்கதானே?"

"நான் தொடவே இல்லைங்க." அம்மா வலது கையால் மாட்டியிருப்பாள் என்று நினைத்தான்; காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

"பொய் சொல்லாதீங்க. அம்மாவோட கை செய்ய வேண்டியதை நீங்க செஞ்சா கை எப்படித் தேறும்? எல்லாத்தையும் கழட்டுங்க. மறுபடியும் முதல் வரிசையிலேருந்து ஆரம்பிக்கணும்."

அவனுக்குச் சுருக்கென்றது. வேறு யார் சொல்லியிருந்தாலும் துடைத்துப் போட்டிருப்பான். இவள் சொன்னதுதான் தாங்கவில்லை.

"என் வார்த்தையை நம்பலைன்னா... நீங்க வரவே வேண்டாம்."

 அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

நாலைந்து நாள் கழித்து, மதியம் சாப்பிட வந்தவன் கதவைத் திறந்தான். அம்மா நுனிக்காலில் நின்று, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு, தலைக்கு மேலே ஒரு வெள்ளி மணியை மாட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால்.

"அம்மா!"

"போச்சு..." என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். "மரம் பாதி மொட்டையா நிக்கிறதைப் பார்க்க முடியலைடா. பகல்ல மாட்டுவேன், அவ வர்றதுக்குள்ள கழட்டிடுவேன். அன்னைக்கு அவ சீக்கிரமே வந்துட்டா."

"கை சரியாயிடுச்சுன்னு ஏன் சொல்லலை?"

"சொன்னா அவ ஏன் வரப்போறா? அவ வந்தாத்தான் நீ சீக்கிரம் வர்றே... சிரிக்கிறே."

"நான் திட்டு வாங்கினப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே?"

"திறந்திருந்தா அன்னைக்கே கிளம்பிப் போயிருப்பா. நீ என்னடான்னா, நீயே வழியனுப்பி வச்சுட்டே!"

அவன் சாப்பிடாமலே கிளம்பினான். உண்மையைச் சொன்னால் அவள் இனி வருவதற்குக் காரணமே இருக்காது. சொல்லாவிட்டால் அவள் மனதில் அவன் காலத்துக்கும் பொய்யன். யோசித்து யோசித்து, அவளை இழந்தாலும் பரவாயில்லை, பொய்யனாக இருக்க வேண்டாம் என்று முடிவு செய்தபோது அவள் வேலை பார்க்கும் கிளினிக் வந்துவிட்டது.

"அம்மாவுக்குக் கை நல்லாயிடுச்சு... அதைச் சொல்லணும்" என்று விலாசத்தோடு சொன்னான் வரவேற்பில் இருந்த பெண்ணிடம்.

"அந்த வீட்டு கேஸா? அது போன வாரமே முடிஞ்சுதே. கை தேறிடுச்சுன்னு பிசியோவே சொல்லிட்டாங்களே!"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. போன வாரம் முடிந்துவிட்டதா? அதற்குப் பிறகும் வந்தாளே...

வேலை முடிந்து, பையோடு உள்ளிருந்து வந்தவள் அவனைக் கண்டதும் நின்றாள். வரவேற்புப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். வாசலுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். மழை தூறிக்கொண்டிருந்தது.

"கை தேறிடுச்சுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன வாரம் அம்மாவோட தோளைப் பிடிச்சப்பவே தெரிஞ்சுது. அம்மா வேணும்னே கையைத் தளர்த்தி வச்சிருந்தாங்க. ஆனா தசை பொய் சொல்லாது."

"அப்புறமும் வந்தீங்களே?"

"டியூட்டி முடிஞ்சு... சொந்தமா வந்தேன்."

"அப்ப என்னை எதுக்குத் திட்டினீங்க?"

அவள் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ்வளவு உயரத்துல பந்து தொங்குது. அம்மாதான் மாட்டினாங்கன்னு ஒத்துக்கிட்டா நான் அன்னைக்கே பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பணும். உங்க மேல பழியைப் போட்டா... மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கலாமேன்னு..." குரல் இறங்கியது. "தப்புதான். மன்னிச்சிடுங்க. நீங்க வர வேண்டாம்னு சொன்னதும், எனக்கு இது நல்லா வேணும்னு நினைச்சுக்கிட்டேன்."

அவன் நிமிர்ந்தான். முதல் தடவையாக அந்தக் கண்களை நேருக்கு நேர் பார்த்தான்.

"வைத்தியம் பார்க்க வந்தவங்ககிட்ட எதுவும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். இப்ப வைத்தியம் முடிஞ்சுபோச்சு. அதனால சொல்லலாம். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க வராத இத்தனை நாளும் கடையை மூடிட்டு வீட்டுக்குப் போகவே மனசு வரலை."

அவள் கையை நீட்டித் தூறலைப் பார்த்தாள்.

"சரி... கிளம்பலாமா?" என்றாள்.

"எங்கே?"

"உங்க வீட்டுக்குத்தான். இது டியூட்டியும் இல்லை, யாருக்கும் கை வலியும் இல்லை..." அவள் கண்கள் ததும்பின. "சும்மா, உங்களைப் பார்க்க வர்றேன்."