ஆளில்லாக் கப்பலில் ஒரு மூச்சு

பாடகரே இல்லாத ஆல்பத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஒலிப்பதிவாளன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்டான். கடைசிப் பாகத்தின் முடிவில், சின்தசைசரின் நீண்ட ஸ்வரம் தேய்ந்துகொண்டே போகிற இடத்தில், அதற்கு அடியில் மெல்லிய விசிலோடு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. எட்டு பாகமும் சேர்ந்து ஒரே விண்வெளிக் கதை. வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது, எல்லாமே வாத்தியம்தான். கப்பலை ஓட்டும் இயந்திரம், உள்ளே உறங்கும் மனிதர்களைத் தேவையில்லை என்று ஒவ்வொருவராகக் கழித்துவிடுகிறது. கப்பல் போய்ச் சேரும்போது ஒருவரும் இல்லை. அங்கேதான் இந்த மூச்சு.

"கதையே கெட்டுதுடா," என்று போனில் குதித்தான் இசையமைத்த சிநேகிதன். "அங்க மனுஷ வாடையே இருக்கக்கூடாது. எட்டுலயும் வழிச்சு எடுத்துடு."

திரும்பிப் பார்த்ததும் ஒலிப்பதிவாளனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோபாவில் மகள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வீசிங் உள்ள பிள்ளை. மனைவி ஆபீஸ் போனால் அவளுக்கு இந்த அறைதான் தொட்டில். பதிவின்போதும் இங்கேதான் கிடந்திருப்பாள், மைக் பிடித்துவிட்டது.

"அடி கழுதை, நீதானா?"

எது இரைச்சல் என்று மென்பொருளுக்கு முதலில் காட்டிக்கொடுக்க வேண்டும். ஆளில்லாத அறையின் சத்தத்தைக் காட்டுவதுதான் வழக்கம். சோம்பல்பட்டு, அந்த விசில் மூச்சையே துண்டு வெட்டிக் காட்டினான். இதுதான் இரைச்சல், எடுத்துவிடு. எட்டு பாகத்தையும் கழுவினான். சுத்தமோ சுத்தம்.

ஹெட்போனைக் கழற்றினான். சூடான ஆம்ப்ளிஃபயரின் தூசி வாசம், நுரை ஒட்டிய சுவர், கதவுக்கு அடியில் கோடாய் மாலை வெயில். ஒரு சத்தமில்லை. அப்பாடா, பிள்ளைக்கு இழுப்பு நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டான்.

அப்புறம்தான் அவள் நெஞ்சைப் பார்த்தான்.

அசையவில்லை. உடம்பு சூடாகத்தான் இருந்தது. மூக்கருகே விரல் வைத்தான். ஒன்றுமில்லை. உலுக்கினான். கூப்பிட்டான். ஐயோ, ஒன்றுமில்லை. புத்தி நம்ப மறுத்தது. கை மட்டும் ஓடிப்போய், கழுவியதை ரத்து செய்யும் அன்டூவை அழுத்தி, ஸ்பீக்கரில் ஓடவிட்டது.

விசில். உள்ளே ஒன்று.

பிள்ளையின் நெஞ்சு எழும்பியது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட, இசையை நிறுத்தினான். நெஞ்சும் நின்றது. அலறிக்கொண்டு மறுபடி ஓடவிட்டான். எழும்பியது. அந்தத் துண்டையே லூப்பில் போட்டான். திரும்பத் திரும்ப. சத்தமாக. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். விட பயம்.

கதவு திறந்தது. மனைவி.

"என்னங்க கூத்து இது? தூங்குற பிள்ளை காதுல!" மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். கை சுவிட்ச் பலகைக்குப் போனது.

"தொடாதே! அதை அணைக்காதே!"

"ஆமா, அணைச்சா உங்க கப்பல் முங்கிடும்."

பாய்ந்தான். எட்டவில்லை.

டிக்.

அவளைத் தள்ளிவிட்டு சுவிட்சைப் போட்டான். கணினி மெல்ல, மெல்லத் திறந்தது. ஓடவிட்டான். கழுவியதைத்தான் பழையதன் மேலேயே சேமித்திருந்தான்; அன்டூ செய்து மீட்டதைச் சேமிக்கவே இல்லை. சின்தசைசர் தேய்ந்தது. அடியில் ஒன்றுமில்லை.

"எதுக்குங்க அழுறீங்க?" என்றாள் மனைவி, பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே. "கண்ணு, எழுந்திரு. அம்மா வந்துட்டேன் பாரு."

அவள் தோளில் கன்னம் நசுங்க, வாய் திறந்தபடி, மகளின் முகம் அவனைப் பார்த்து இருந்தது. மனைவி தட்டிக்கொண்டே இருந்தாள்.