பச்சைப் பொட்டு

மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து நெற்றியை நீட்டினார்கள். பூங்கோதை ஈரத்துணியால் ஒவ்வொரு நெற்றியையும் துடைத்து உள்ளே அனுப்பினாள். எத்தனை கதவுகளை அடைத்தாலும் செவ்வாயின் தூசி குடியிருப்புக்குள் வந்துவிடும். தூசி படிந்தால் கவனப்பொட்டின் நிறம் தெரியாது. குழந்தை நடக்கத் தொடங்கியதும் நெற்றித் தோலுக்கு அடியில் மிளகளவில் பதிக்கப்படும் அந்தப் பொட்டு, மனம் காரியத்தில் இருந்தால் பச்சையாக ஒளிரும். அலையத் தொடங்கினால் மஞ்சளாகும். முழுதாக வெளியேறிவிட்டால் சிவக்கும். சில பிள்ளைகள் வேண்டுமென்றே தூசியை அப்பிக்கொண்டு வருவார்கள். அவர்களை அவள் இரண்டு முறை துடைப்பாள்.

"வலிக்குது டீச்சர்."

"நேத்து அவ்வளவு சிவப்பா எரிஞ்சியே, அப்ப வலிக்கலையா?"

அன்றும் பாடம் நீர்ச்சுழற்சிதான். பாடத்திட்டம் பூமியிலிருந்து வருவது. கடல் நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகப் பெய்து, ஆறாக ஓடி மீண்டும் கடலைச் சேரும் கதையை, இவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்திராத பிள்ளைகளுக்கு அவள் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குத் தண்ணீர் என்றால் குழாய். குழாய்க்குப் பின்னால் சுத்திகரிப்பு அறை. அதற்கும் பின்னால் கழிவறை. அந்தச் சுழற்சி அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

"புரிஞ்சுதா?" என்று முடித்தாள்.

"புரி...ஞ்சு...து டீச்சர்," என்று வகுப்பு ஒரே ராகத்தில் இழுத்தது. எதிரே வரிசை வரிசையாகச் சிவந்த நெற்றிகள்.

பருவம் முடிவதற்குள் வகுப்பில் பாதிக்கு மேல் பச்சை தெரிய வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பைப் பதிவாசிரியரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். எப்போதோ பூமியில் பதிவு செய்யப்பட்டு, சுவரில் தோன்றி, களைப்பே இல்லாமல் சிரிக்கும் ஒளியுருவம் அது. பூங்கோதைக்குக் காளான் கூடத்தில் இடம் தயாராக இருந்தது. காளான்கள் மீது அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் அவற்றிடம் மழையைப் பற்றிச் சொல்ல முடியாது.

கல்வித்துறையின் கருவிக் கிடங்குக்கு அவள் நடந்த நடை கொஞ்சமல்ல. பாடும் மேகத்தை எடுத்து வந்தாள். முதல் நாள் வகுப்பே பச்சைக் காடாக இருந்தது. வாரம் முடிவதற்குள் பிள்ளைகள் மேகத்தின் பாட்டை மேகத்துக்கு முன்னாலேயே பாடி முடித்துவிட்டுச் சிவந்தார்கள். மண்வாசனை தெளிக்கும் பெட்டியை வைத்தாள். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று மூக்கைப் பொத்தினார்கள். சரியான பதிலுக்கு நாற்காலி மிதக்கும் விளையாட்டில், பாடத்தைக் கேட்காமலே நாற்காலியை மிதக்கவைப்பது எப்படி என்பதை மட்டும் முழுக் கவனத்தோடு கற்றுக்கொண்டார்கள்.

"இன்னும் அந்தக் கிடங்குலயேதான் கிடக்கியா?" என்று கேட்டாள் ரெஜினா. பக்கத்து வகுப்பு ஆசிரியை, வயதில் மூத்தவள்.

"எதை எடுத்தாலும் ஒரு வாரந்தான்க்கா தாங்குது. தலை வலிக்குது."

"ஊக்கி எடுத்துப் பாரேன். புதுசு. படம் கிடையாது, பாட்டு கிடையாது. இருக்கறதே தெரியாதாம்."

"பின்ன என்னதான் பண்ணும்?"

"வகுப்புல எங்க கவனம் ரொம்பக் குறைவா இருக்கோ, அதைக் கண்டுபிடிச்சு அங்க சரி பண்ணுமாம். எப்படின்னு கேக்காத. எனக்கும் விளக்கினாங்க, தலையாட்டிட்டு வந்துட்டேன்."

பூங்கோதை கிடங்குக்குப் போய் ஊக்கிக்குக் கைரேகை வைத்தாள். அவளையும் விளக்கம் கேட்க உட்காரவைத்தார்கள். அவளும் தலையாட்டினாள்.

மறுநாள் பாடம் தொடங்கிச் சிறிது நேரத்தில் முன்வரிசையிலிருந்து இதழினி கையைத் தூக்கினாள். "டீச்சர், மழை பெய்யறப்ப சத்தம் வருமா?"

அந்த வகுப்பில் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. பூமியில், வேளச்சேரியில் தான் சிறுமியாக இருந்தபோது பெய்த மழையைப் பூங்கோதை சொன்னாள். தண்ணீர் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறி வந்ததையும், யாருடைய வீட்டு நாற்காலியோ வாசலைத் தாண்டி மிதந்து போனதையும் சொன்னாள்.

"அதுல யாராவது உட்கார்ந்திருந்தாங்களா டீச்சர்?"

"ஒரு பூனை."

வகுப்பு சிரித்தது. பூங்கோதையும் சிரித்தாள். அத்தனை கண்களும் அவள் முகத்தின் மேலேயே இருந்தன. நெற்றிகளெல்லாம் பச்சை.

தினமும் அப்படியே நடந்தது. அவள் குரல் தளரும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு கேள்வி வந்து அவளைத் தாங்கிப் பிடித்தது. மாலையில் தலைவலி இல்லை. இந்த வேலைக்கு ஏன் வந்தோம் என்பது அவளுக்கு மெல்ல நினைவுக்கு வந்தது.

பருவத்தின் கடைசி நாள் மற்றவர்கள் கலைந்த பிறகு இதழினி அவள் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், இன்னைக்கு எங்களுக்கு எவ்வளவு பாயிண்ட்?"

"எதுக்கு?"

"மணி அடிக்கிற வரைக்கும் நீங்க பச்சையாவே இருந்தீங்களே."

பூங்கோதையின் கை தன் நெற்றிக்குப் போனது. அங்கும் ஒரு பொட்டு உண்டு, பூமியிலிருந்து வந்திறங்கிய அன்று பதித்தது. கணக்கில் சேருவது பிள்ளைகளின் பொட்டுகள் மட்டும் என்பதால் அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

"முன்னாடி எப்படி இருந்தேன்?"

"நாங்க உள்ள வரும்போதே சிவப்புதான் டீச்சர்," என்றாள் இதழினி. குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "இப்ப ஊக்கி சொல்லிக்குடுக்குதுல்ல."

காற்று கசிந்தால் எச்சரிப்பதற்காகக் குடியிருப்பில் எல்லாருடைய காதிலும் ஒரு செவிக்குமிழ் இருக்கும். அதன் வழியாகத்தான் ஊக்கி பிள்ளைகளிடம் பேசியிருக்கிறது. இப்போது கை தூக்கு. இப்போது சிரி. டீச்சர் மஞ்சளாகிறார், வேளச்சேரியைப் பற்றிக் கேள். பச்சையானால் பாயிண்ட். பிள்ளைகள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது அவள் முகத்தை அல்ல, பொட்டை. வகுப்பில் கவனம் ரொம்பக் குறைவாக இருந்த இடத்தை ஊக்கி சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தது.

"சரி, மழைன்னா என்ன? நீ சொல்லு பார்ப்போம்."

இதழினி அவள் நெற்றியைப் பார்த்தாள். "அதைச் சொல்றப்பதான் டீச்சர் நீங்க நல்ல பச்சை."

மறுநாள் ஆசிரியர் கூட்டம். குடியிருப்பின் கல்வி ஆய்வாளர் சற்குணம் வந்திருந்தார். பூங்கோதையின் வகுப்புதான் இந்தப் பருவத்தில் முதலிடம் என்றார். அடுத்த பருவம் எல்லா வகுப்பிலும் ஊக்கி வரும் என்றார். பிறகு அது இயங்கும் விதத்தை விளக்கத் தொடங்கினார். எத்தனையோ பள்ளிகளில் ஒப்பித்து அலுத்த பேச்சு. அவர் நெற்றி சிவந்து கிடந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று பூங்கோதை நினைத்தாள். சொன்னால் வகுப்பு போய்விடும், காளான் கூடம்தான். சொல்லாவிட்டால் அவள் இருப்பாள், ஆனால் ஒரு பிள்ளைக்கும் மழை தெரியாது. அவள் கை பாதிவரை உயர்ந்தது.

"என்ன டீச்சர், ஏதாவது சந்தேகமா?" ஆய்வாளரின் குரலில் அவளுடைய பழைய குரலே கேட்டது.

"பேசாம இரு, சாப்பாடு ஆறிடும்," என்று ரெஜினா முழங்கையால் இடித்தாள்.

உயர்த்திய கையால் பூங்கோதை நெற்றித் தூசியைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல சார்."

"அப்ப எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"புரி...ஞ்சு...து சார்," என்று கூடம் ஒரே ராகத்தில் இழுத்தது. பூங்கோதையின் குரலும் அதில் இருந்தது.

ஆய்வாளரின் பொட்டு மெல்லப் பச்சையானது. பூங்கோதை தன் செவிக்குமிழை அழுத்திப் பார்த்தாள். அதில் எந்தச் சத்தமும் இல்லை. அந்தக் கூடத்தில் ஊக்கி இன்னும் பொருத்தப்படவில்லை.