அணைக்காத லேப்டாப்

காலை ஆறரைக்கு அப்பா அடுப்பைப் பற்ற வைப்பார். அரிசியைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, குக்கரை மூடி வெயிட்டைப் போடுவார். பால் பாக்கெட்டைக் கத்தரிப்பார். இனியா சமையலறை வாசலில் உட்கார்ந்து பல் தேய்ப்பாள். ஒரு விசில் வந்தால் இடது கையில் ஒரு விரலை மடக்குவாள். மூன்று விரல் மடங்கியதும், "அப்பா, மூணு" என்பாள். அப்பா அடுப்பை அணைப்பார். பிறகு அவர் குளிக்கப் போவார். அவள் பாய்களைச் சுருட்டி வைப்பாள்.

பதினான்கு நாளாக இப்படித்தான். விசிலை எண்ணும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அம்மா இறந்து இன்றோடு பதினான்கு நாள். அதற்கு முன்பு சமையல் அம்மாவுடையது.

நேற்று இரவு கீழ்பென்னாத்தூரிலிருந்து அப்பாவின் அக்கா ஆதிலட்சுமி அத்தையும் கலையரசன் மாமாவும் வந்திருந்தார்கள். நாளை மறுநாள் பதினாறாம் நாள் காரியம். அதனால் இன்று இரண்டு மடங்கு அரிசி. விசில் மட்டும் அதே மூன்று.

எட்டு மணிக்குப் பூக்கார அம்மா மாலை கொண்டுவந்தார். அத்தை அவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

"கடைசியா என் கையப் புடிச்சிக்கினு, 'அண்ணி, எம்பொண்ணப் பாத்துக்கோங்க'ன்னாம்மா. அதான் கடைசி வார்த்த."

பூக்கார அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனியா அத்தையைப் பார்த்தாள். அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அம்மா கண்ணையே திறக்கவில்லை. இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கடைசி வார்த்தை ஆளுக்கு ஆள் வளர்ந்துகொண்டே போனது. நேற்று ஆட்டோக்காரரிடம் சொன்னபோது அதில் அண்ணாமலையாரும் சேர்ந்திருந்தார்.

"அம்மா அப்படிச் சொல்லல" என்று இனியா சொன்னாள்.

"சின்னப் புள்ள, உனக்கு இன்னா தெரியும்? போய்த் தட்ட எடுத்து வை" என்றார் அத்தை.

இனியாவுக்குத் தெரியும். அம்மா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். இனியாவிடம்தான் கேட்டார். அவள் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. அம்மாவே எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, எங்கே உட்கார்ந்திருந்தாலும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை அப்பா இனியாவிடம் இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை.

"மச்சான், பென்டிரைவ் ஒண்ணு இருக்குமா?" மாமா சட்டை பட்டனைப் போட்டபடி வந்தார். "ரேணுகா போட்டோவப் பிரிண்டிங் கடைக்கு எடுத்துப் போவணும். வாட்ஸப்புல அனுப்புனா மூஞ்சி தெளிவா வராதாம். ஒம்போது மணிக்குக் கரண்ட் போனா சாயந்திரம் அஞ்சு மணிக்குத்தான் வருமாம்."

"தெரியல மாமா" என்றார் அப்பா. இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் அப்பா அதைத்தான் சொன்னார்.

மாமா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலோர மேசையில் அம்மாவின் பழைய லேப்டாப் மூடிக் கிடந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பென்டிரைவ் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதோ கீதே" என்று மாமா கையை நீட்டினார்.

"தொடாதீங்க மாமா" என்றாள் இனியா. கத்தவில்லை. ஆனால் மாமாவின் கை நின்றுவிட்டது.

"ஏன்? பென்டிரைவ்தான?"

"அது பென்டிரைவ் இல்ல. அதுதான் கம்ப்யூட்டர். மத்ததெல்லாம் சும்மா டப்பா."

மாமா சிரித்தார். "கேட்டியா மச்சான்? உம்பொண்ணு ஜோக்கடிக்கறா."

இனியா ஜோக்கடிக்கவில்லை. போன வருடம் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனது. தெருமுனையில் கடை வைத்திருக்கும் ஜானி பாஷாதான், கம்ப்யூட்டரை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அந்தப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். பென்டிரைவைச் செருகி ஆன் செய்தால் லேப்டாப் அதிலிருந்தே ஓடும். ஆனால் ஒரு விஷயம். ஓடும்போது என்ன செய்தாலும் அணைக்கும்வரைதான் நினைவில் இருக்கும். வேண்டியதை வேறொரு பென்டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். அணைத்தால் எல்லாம் மறந்துவிடும்.

"தினமும் இப்பத்தான் பொறந்த மாதிரி எழுந்திருக்குது. நேத்து நடந்தது ஒண்ணும் தெரியாது. குடுத்து வெச்ச ஜென்மம்" என்று அம்மா சிரிப்பார்.

இனியா குனிந்து பார்த்தாள். லேப்டாப்பின் விளிம்பில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு மெதுவாக மினுக்கியது. தூங்குகிறது. யாரும் அதை அணைக்கவில்லை. அன்று ஆஸ்பத்திரிக்குத் துணி எடுக்க வந்த அப்பா மூடியை மட்டும் மூடிவிட்டுப் போயிருந்தார்.

அப்படியென்றால் அன்று அம்மா செய்துகொண்டிருந்த வேலை இன்னும் உள்ளே இருக்கிறது.

சார்ஜர் வயரைக் கையால் தொடர்ந்து போனாள். அதன் மறுமுனை தரையில் கிடந்தது. பிளக்கில் மாமாவின் போன் தொங்கியது.

"எப்பக் கழட்டினீங்க மாமா?"

"ராத்திரி. ஏன், அதுக்குமா பாடம் நடத்தப் போற?"

இனியா மாமாவின் போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். சார்ஜரைச் செருகினாள். கடிகாரம் பார்த்தாள். எட்டு இருபத்தைந்து.

அம்மா வேண்டியதை எடுத்து வைக்கும் சிவப்புப் பென்டிரைவ் வகுப்புத் தோழன் சாகிலிடம் இருந்தது. அதை எடுத்து வரவேண்டும். அதற்குள் மாமா கறுப்பைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் போய்விடும். சொன்னால் அவர் கேட்கப்போவதில்லை.

அம்மாவின் படம் சுவரோரமாக ஒரு நாற்காலியில் இருந்தது. காரியம் முடியும்வரை அதை யாரும் அசைக்கக் கூடாது என்று அத்தை நேற்றே சொல்லியிருந்தார். சாமி கும்பிட மட்டும் கிட்டே போகலாம்.

இனியா படத்தைத் தூக்கினாள். லேப்டாப்பின் மூடிமேல் நிற்கவைத்துச் சுவரில் சாய்த்தாள். பூக்கார அம்மா கொண்டுவந்த மாலையைப் போட்டாள். மாலை கறுப்புப் பென்டிரைவை மறைத்துக்கொண்டு தொங்கியது.

"ஏன்டி எடுத்த?" என்று கேட்டபடி அத்தை வந்தார்.

"அம்மா தினமும் உக்கார்ற இடம் இதான் அத்த."

அத்தையின் முகம் இளகியது. "பாத்தீங்களா, புள்ளைக்கு எவ்வளோ பாசம்" என்று பூக்கார அம்மாவிடம் சொன்னார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். "அந்த மேசகிட்ட யாரும் போவக் கூடாது. உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்பா, சாகில் வீட்டுக்குப் போயிட்டு வரேன். திங்கக்கிழம அவனுக்குப் பரீட்ச."

"போ" என்றார் அப்பா. அவர் படத்தைப் பார்க்கவில்லை. குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சாகில் ஜானி பாஷாவின் மகன். வீடு கடைக்கு மேலே மாடியில். சாகிலும் இனியாவும் ஆறாம் வகுப்பு. கண்ணாடி போட்டாலும் சாகிலுக்குப் புத்தக எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் அம்மா அவனுக்காகப் பாடங்களைப் படித்துப் பதிவுசெய்வார். சிவப்புப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பார். அவன் அதைச் சின்ன ஸ்பீக்கரில் செருகிக் கேட்பான்.

"வெப்பம் பாடம் மட்டும் வரல. கேக்கலாமா வேணாமான்னு இருந்தேன். அத்தா கேக்கக் கூடாதுன்னாரு" என்றான் சாகில்.

"அத எடுக்கத்தான் வந்தேன். சிவப்பக் குடு."

சாகில் கொடுக்கவில்லை. "உள்ள கீறது எதையும் அழிச்சிடாத. ஆறு பாடம் கீது."

"புத்தகத்துல இருக்கறதுதான?"

"புத்தகத்துல நீ வரமாட்டியே. உங்கம்மா எல்லாப் பாடத்துலயும் நடுவுல உன்னத் திட்டுவாங்க. செடி பாடத்துல நீ பாலக் கொட்டின. காந்தம் பாடத்துல டிவி சவுண்ட கம்மி பண்ணச் சொல்வாங்க. எனக்கு அத வெச்சித்தான் பாடமே ஞாபகம் இருக்குது."

அந்தப் பதிவுகளை இனியா ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்குத்தான் கண் தெரியுமே.

ஜானி பாஷா படியேறி வந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். "தூங்கிக்கினுதான கீது? அப்ப உள்ள இருக்கும்மா. ஆனா அந்த பேட்டரி ரொம்பப் பழசு. கரண்ட் இல்லன்னா தூங்கறப்பவே செத்துடும்."

மின்விசிறி மெதுவாகி நின்றது. ஒன்பது மணி.

இருவரும் ஓடினார்கள். சாகில் இனியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓடினான். "கல்லு... பசுமாடு... இன்னொரு மாடு" என்று அவள் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

"மாடு இல்லாத தெருவே இந்த ஊர்ல இல்லியா?" என்றான் சாகில்.

வீட்டில் படம் வைத்தபடியே இருந்தது. மாமா மூன்றடி தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இனியா படத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் மூடியைத் திறந்தாள். திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு வெளிச்சம் வந்தது. அம்மா விட்ட இடத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. பதிவு செய்யும் கட்டம். அதற்குக் கீழே 'வெப்பம்'. மூலையில் பேட்டரி ஆறு சதவீதம்.

சிவப்புப் பென்டிரைவை அடுத்த ஓட்டையில் செருகினாள். 'வெப்பம்' என்பதை அதற்குள் இழுத்துப் போட்டாள். ஒரு கோடு மெல்ல நீண்டது. நான்கு சதவீதம். மூன்று.

"முடிஞ்சிது" என்று சிவப்பின்மேல் கை வைத்தாள்.

"உடனே புடுங்காத" என்றான் சாகில். "எடுக்கப் போறேன்னு அதுகிட்ட மொதல்ல சொல்லு. இல்லன்னா பாதிதான் வரும்னு அத்தா சொல்வாரு."

அவள் திரையின் ஓரத்துக் குறியைத் தட்டிச் சொன்னாள். 'இனி எடுக்கலாம்' என்று திரையில் வந்தது. எடுத்தாள்.

சிறிது நேரத்தில் திரை கறுத்தது. வெள்ளை விளக்கும் போனது. இனி ஆன் செய்தால் அது மறுபடி எழுந்திருக்கும். அம்மா யாரென்று அதற்குத் தெரியாது.

"இப்ப கறுப்ப எடுத்துக்கோங்க மாமா" என்றாள் இனியா.

"கரண்டு போச்சு. கடையும் சாத்தியிருப்பான். இனிமே அத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றார் மாமா.

அந்த நேரத்தில் எதிர்வீட்டு அம்மா உள்ளே வந்தார். அத்தை தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "கடைசியா என் கையப் புடிச்சிக்கினு..."

"அவங்க கடைசியாப் பேசினது இதுல கீது ஆன்ட்டி" என்றான் சாகில். அவன் பையிலிருந்து ஸ்பீக்கரை எடுத்திருந்தான். அது பேட்டரியில் ஓடும்.

எல்லாரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள்.

"எதுல?" என்றார் அத்தை.

"இதுல."

அத்தை எல்லாரையும் உட்காரச் சொன்னார். மாமாவைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். முந்தானையைக் கண்ணருகே தயாராகப் பிடித்துக்கொண்டார். அப்பா படத்தை மார்போடு பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றார்.

இனியா சிவப்பை ஸ்பீக்கரில் செருகிப் பொத்தானை அழுத்தினாள்.

"சாகில், கேக்குதா? இன்னிக்கு வெப்பம்" என்றது அம்மாவின் குரல்.

அப்பா தரையில் உட்கார்ந்தார்.

அம்மா நிதானமாகப் படித்தார். கொதிநீர், வெப்பமானி, இரும்புக் கம்பி. எதிர்வீட்டு அம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை "இரு, வரும்" என்று கையைக் காட்டினார். சாகில் உதடுகளை அசைத்துப் பாடத்தைக் கூடவே சொன்னான். பத்து நிமிடம் பாடம்தான் ஓடியது.

பிறகு அம்மாவின் குரலுக்குப் பின்னால், தூரத்தில் குக்கர் கத்தியது. அன்று இனியாவின் காதில் அது விழவில்லை. இன்று விழுந்தது. அவள் இடது கையில் ஒரு விரலை மடக்கினாள்.

"சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் செல்லும்."

இரண்டாவது விசில். இன்னொரு விரல். அப்பா அவள் கையையே பார்த்தார்.

"இரண்டின் வெப்பநிலையும் ஒன்றாகும்வரை செல்லும். பிறகு நின்றுவிடும்."

மூன்றாவது. இனியா மூன்றாம் விரலை மடக்கி, கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

"இனியா, எத்தினி விசிலு வந்துச்சு?"