மூன்று விசிறிகளும் நின்றபோது

கம்ப்யூட்டர் விளையாட்டை நிறுத்திவிட்டு மெனுவுக்கு வந்த சிறிது நேரத்தில் புதிய கிராபிக்ஸ் கார்டின் மூன்று விசிறிகளும் ஓய்ந்தன. இந்த அமைதிக்காகத்தான் ஹம்சினி மூன்று வாரம் தேடி அதை வாங்கியிருந்தாள். தடித்த அலுமினியத் தகடுகள், சூடேறும்வரை சுற்றாத விசிறிகள். பழைய கார்டு ஓடினால் டிவியில் பேசுவதே கேட்காது. இப்போது பெஹாலா பகுதியிலிருந்த ஃப்ளாட்டின் அந்த வரவேற்பறையில் ஃப்ரிட்ஜின் முனகல் கேட்டது, தெருவில் ஒரு டோட்டோ பேட்டரி ரிக்‌ஷா ஹாரன் அடித்துப் போவது கேட்டது. அவற்றுக்கு நடுவே, டிவிக்குப் பின்னால், யாரோ மூச்சு விடுவதும் கேட்டது.

கம்ப்யூட்டரை அணைத்துப் பார்த்தாள். மூச்சு நிற்கவில்லை.

மாலை நான்கு மணிக்கே வானம் கறுத்து, மழைக்கு முந்தைய மண்வாசனை ஜன்னல் வழியே வந்தது. சுவர்ப் பக்கமிருந்து வந்தது வேறு வாசனை. ஃபினாயில், அதற்கு அடியில் புளித்துப்போன ஏதோ ஒன்று. அலுவலக வேலையாக ஹால்தியா போயிருந்த கணவனை ஃபோனில் பிடித்தாள்.

"சந்தீப், பக்கத்து ஃப்ளாட்ல நிர்மால்ய தாவைத் தவிர யாராவது இருக்காங்களா?"

"அவர் மனைவி, நம்ம பௌதி, சிலிகுரிக்குப் போய் ஒரு வருஷம் ஆச்சே. அவர் மட்டும்தான். ஏன்?"

"செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடறாங்க."

"பைப்பா இருக்கும். நான் ராத்திரி வந்து பாக்கறேன்."

பைப் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கார்டை மாற்றப்போவதாகச் சொன்ன அன்று லிஃப்டில் நிர்மால்ய தா சிரித்தபடி வங்காளத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. "எதுக்கும்மா மாத்தறே? அந்த இரைச்சல் எனக்குப் பழகிப்போச்சு."

விரலை மடக்கிச் சுவரில் மூன்று தட்டுத் தட்டினாள். மூச்சு நின்றது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு.

"பௌதி?"

"ஹம்சினி." பூஜை நாட்களில் அவளுக்குப் புடவை கட்டிவிட்ட பெண்ணின் குரல்தான். பாதி நாக்கால் பேசுவதுபோல் இருந்தது. "அவர் கடைக்குப் போயிருக்கார். சீக்கிரம்."

ஹம்சினி போலீசை அழைத்து முகவரியைச் சொன்னாள். பத்து நிமிடம் என்றார்கள். வரவேற்பறை மேசையில் கிடந்த திருப்புளியை எடுத்து, டிவிக்குப் பின்னாலிருந்த பழைய கேபிள் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஈரச் சுண்ணாம்பு உதிர்ந்தது. அந்தப் பக்கம் வரை அதைக் குடைந்தாள். இரண்டு விரல் நுழையும் ஓட்டை, அப்புறம் இருட்டு.

இருட்டிலிருந்து இரண்டு விரல்கள் வந்தன.

நகங்கள் இல்லை. நகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுத்த சதை. ஹம்சினி தன் ஆள்காட்டி விரலை நீட்டினாள். அவை அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டன. குழந்தை பிடிப்பதுபோல் இறுக்கமாக.

"பயப்படாதீங்க, பௌதி. போலீஸ் வராங்க."

லிஃப்டின் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் நடையில் வந்து, அவள் வாசலில் நின்றது. காலிங்பெல் ஒருமுறை அடித்தது. அவள் அசையவில்லை.

"ஹம்சினி," கதவுக்கு வெளியே நிர்மால்ய தாவின் குரல் அமைதியாக இருந்தது. "இன்னிக்கு உன் மெஷின் சத்தத்தையே காணோமே."

பிறகு செருப்புச் சத்தம் நகர்ந்தது. பக்கத்துக் கதவில் சாவி திரும்பியது. பையைக் கீழே வைக்கும் சத்தம். டிராயர் இழுபடும் சத்தம், அதிலிருந்து கனத்த இரும்பு ஒன்று உரசி வெளியே வரும் சத்தம்.

"கையை விடாதே," என்றது சுவர்.

"விடமாட்டேன்."

மழை அறைந்துகொண்டு இறங்கியது. அந்தப் பக்கம் நாற்காலி சரிந்தது. ஒரு அடி. சுவர் அதிர்ந்து சுண்ணாம்பு அவள் முகத்தில் கொட்டியது. பௌதி கத்தவில்லை. இரண்டாவது அடி. விரல்கள் இன்னும் இறுகின. ஹம்சினி வலியில் பல்லைக் கடித்தாள். இழுத்தாள். மூன்றாவது அடி. எலும்பு பிளக்கும் சத்தம், ஈரமாக, மிக அருகில்.

எதிர்ப்பு திடீரென்று இல்லாமல் போனது. அவள் பின்னால் விழுந்தாள்.

சுவருக்கு அப்பால் கனமான ஒன்றைத் தரையில் இழுத்துப்போகும் சத்தம் அறை அறையாகத் தேய்ந்தது. ஹம்சினி தன் கையைப் பார்த்தாள். இரண்டு விரல்களும் அவள் விரலை இன்னும் விடாமல் பிடித்திருந்தன.